மந்தம் ஊருக்கா, உனக்கா?

ஆமாங்கண்ணு, நீ சொல்றது அத்தனையும் நெசம். உலகப் பொருளாதாரம் சரியில்லை. அமெரிக்காவுல ஒருத்தரு பேனாவை எடுத்து வரி போட்டாரு. 2025 ஆகஸ்ட் 7ஆம் தேதி 25 சதம், அதே மாசம் 27ஆம் தேதி இன்னொரு 25 சதம், ஆகக்கூடி 50. திருப்பூர்ல இருந்து கப்பலேறுற துணியில ஏறக்கொறைய மூணுல ஒரு பங்கு அந்தச் சீமைக்குத்தான் போகுது. பையர் ஆர்டரை நிறுத்துனான். எக்ஸ்போர்ட்டர் பாக்கியை நிறுத்துனாரு. நீ தாடி வழிக்கறதை நிறுத்திட்டே. எல்லாம் வரிசையாத்தான் நடந்திருக்குது.

"ஏனுங்க அப்புச்சி, இப்பவும் கிண்டலுங்களா?"ன்னு மூஞ்சியைச் சுளிக்காதே. உன்ற அம்முச்சி போனதுக்கப்பறம் நானு கிண்டல் பண்றதுக்கு இந்த ஊட்டுல வேற யாரு இருக்கறாங்க?

பனியன் கம்பெனிங்களுக்கு ஹேங் டேக் வரையறே, கேட்லாக் போட்டோவைச் சரி பண்றே, டெக் பேக் போட்டுத் தர்றே. கேட்டா ஃப்ரீலான்சருங்கறே. மேல முதலாளி இல்லாம, மாசச் சம்பளம் இல்லாம, லீவும் இல்லாம ஒருத்தன் இருந்தா எங்க காலத்துல அவனை விவசாயின்னு சொன்னோம். ஆனா விவசாயி மழை வரலைன்னா வானத்தைப் பாப்பான். நீ போனைப் பாக்கறே. உன்ற கூட்டாளி ஒருத்தன் ஓவர்லாக் மூணு, ஃப்ளாட்லாக் மூணு, சிங்கர் ரெண்டுன்னு எட்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்றானே, அவனும் வந்து உன்ற பக்கத்துல ஒக்காந்து அதே போனைப் பாக்கறான். ரெண்டு பேரும் சேர்ந்து அமெரிக்க அதிபருக்கு யோசனை சொல்றீங்க. அவருக்கு உங்க ரெண்டு பேரு யோசனை கெடைக்காமத்தான் உலகம் இப்படி ஆகிப்போச்சு, பாவம்.

நானு பொருளாதாரம் படிக்கலை கண்ணு. ஆனா இந்த ஊரு விழுந்து எந்திரிச்சதைத் திண்ணையில ஒக்காந்தே பாத்திருக்கேன். 2011 சனவரியில, நொய்யல் ஆத்துல சாயத்தண்ணி விட்டதுக்கு, சாயப்பட்டறைங்களை மூடச் சொல்லிச் சென்னை ஐகோர்ட்டு உத்தரவு போட்டுச்சு. ஊரு முடிஞ்சுதுன்னு சொல்லி மூட்டை கட்டுனவங்க எத்தனையோ பேரு. பொறவு சொட்டுத் தண்ணி வெளிய போகாமச் சுத்தம் பண்ணக் கத்துக்கிட்டு ஊரு எந்திரிச்சுது. 2016ல நோட்டு செல்லாதுன்னாங்க. 2017ல ஜிஎஸ்டி. 2020ல கொரோனா. அது முடியறதுக்குள்ள நூல் வெலை ஏறிப்போச்சு. ஒவ்வொரு தடவையும் மொதல்ல எந்திரிச்சவன் கெட்டிக்காரன்னு நெனைக்காதே. எத்தனையோ கெட்டிக்காரன் இன்னமும் டீக்கடையிலதான் ஒக்காந்திருக்கான். காயிதம் வெச்சிருந்தவன் எந்திரிச்சான். யாரு எவ்வளவு தரோணும், எந்தத் தேதிக்குத் தரோணும்னு எழுதி வெச்சிருந்தவன்.

நீ என்ன வெச்சிருக்கறே? வாட்ஸ்அப்புல "சூப்பர் தம்பி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்"னு ஒரு வரி. அதுக்குக் கீழ கட்டைவெரல் பொம்மை ஒண்ணு. எந்த அடுத்த வாரம், எந்த வருசம்னு அந்தப் பொம்மை சொல்லாது. என்ற கல்யாணத்துக்கு ஒண்ணேகால் ரூபா மொய் வெச்சவன் பேரு இன்னமும் நோட்டுல இருக்குது. அவன் பேத்தி சீருக்கு அந்த நோட்டைப் பாத்துத்தான் திருப்பிச் செஞ்சேன். காலேஜ் படிச்ச உன்ற தொழிலுக்கு அந்த மொய் நோட்டு அளவுக்காவது ஒரு கணக்கு இருக்குதா? தலையைச் சொறியாதே, பதில் தெரிஞ்சுபோச்சு.

சரி, மொதல்ல ஒரு பேரு வாங்கு. உன்ற பேரு இல்லை, தொழிலுக்குப் பேரு. உத்யம்னு ஒரு பதிவு இருக்குது. 2020 சூலை 1ஆம் தேதியில இருந்து நடக்குது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தாப் போதும், அரசாங்க இணையதளத்துல நீயே போட்டுக்கலாம். ஒத்தப் பைசா கட்டணம் கெடையாது. உன்ற கூட்டாளி ஏதோ ஒரு தளத்துல பணங்கட்டிப் பதிஞ்சுட்டு வந்து, "அப்புச்சி, சர்டிபிகேட் கலர்ல வந்துருக்குதுங்க"ன்னு காட்டுனானே, அவனுக்குக் கலருக்கு மட்டுந்தான் காசு போச்சுன்னு நெனைச்சுக்கோ. மேல அசோகச் சிங்கத்தைப் போட்டுக்கிட்டுக் காசு கேக்கற தளத்தைக் கண்டா பொட்டாட்ட மூடிட்டு வந்துரு.

"நானெல்லாம் கம்பெனியாங்க அப்புச்சி?"ன்னு கேக்கறே. 2025 ஏப்ரல் 1ல இருந்து குறுந்தொழில்னா இயந்திரம், தளவாட முதலீடு ரெண்டரைக் கோடிக்குள்ள, வருசத்து வரவு செலவு 10 கோடிக்குள்ள. உன்ற முதலீடு ஒரு லேப்டாப்பும் ஒரு சுத்தற நாற்காலியும். தைரியமாப் போ, எல்லைக்குள்ளதான் இருக்கறே. சேவைத் தொழிலும் இதுல சேத்தி. வேலை முடிச்சுக் கொடுத்துட்டு, காசு வரலைன்னு தெரிஞ்சதுக்கப்பறம் ஓடிப் போய்ப் பதியாதே. முந்தியே பதிஞ்சு வெச்சிருந்தாத்தான் அடுத்து நானு சொல்லப் போறது சிக்கலில்லாம உதவும்.

அடுத்தது என்னன்னா, உனக்கு வரவேண்டிய காசு. மந்தம்னு சொன்ன அன்னிக்கே நீங்க ரெண்டு பேரும் "எங்கீங்க அப்புச்சி கடன் கெடைக்கும்?"னு கேட்டீங்க பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எவன்கிட்டயோ உன்ற காசு தூங்குது. அதை எழுப்பறதை உட்டுட்டு, இன்னொருத்தன் காசை வட்டிக்கு எழுப்பப் பாக்கறே.

2006ல குறு, சிறு, நடுத்தரத் தொழிலுக்குன்னு ஒரு சட்டம் வந்துச்சு. குறு, சிறு தொழில் பண்றவன்கிட்டப் பொருளோ வேலையோ வாங்குனவன் எழுத்துல பேசிக்கிட்ட தேதிக்குள்ள காசு தரோணும். அந்தக் கெடு எப்படி எழுதுனாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்துல ஒண்ணுமே இல்லைன்னா 15 நாள். தாண்டுனா வட்டி. அதுவும் சில்லறை வட்டி இல்லை. ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட் எவ்வளவோ, அதுக்கு மூணு மடங்கு, மாசா மாசம் வட்டிக்கு வட்டி. ஆனா வாங்கி விக்கற ஏவாரிக்கு இந்தச் சலுகை கெடையாது. உற்பத்தி பண்றவனுக்கும், உன்னையாட்டம் வேலை செஞ்சு தர்றவனுக்குந்தான்.

காசு வரலைன்னா சமாதான்னு ஒரு இணையதளம், 2017ல இருந்து நடக்குது. அதுல மனுப் போட்டா குறு, சிறு நிறுவனங்களுக்கான வசதியாக்கல் மன்றத்துக்குப் போகும். மொதல்ல ரெண்டு பேத்தையும் ஒக்கார வெச்சுச் சமரசம் பேசுவாங்க. ஒத்து வரலைன்னா தீர்ப்பு. சட்டத்துல 90 நாள்னு போட்டிருக்குது. நடப்புல இழுக்கும். வாய்க்கால் தண்ணியே சொன்ன தேதிக்கு வர்றதில்லை, மன்றம் வந்துருமா? ஆனா ஒரு வெவரம் கேளு. தீர்ப்பு உனக்குச் சாதகமா வந்து, அதை எதுத்து அவன் கோர்ட்டுக்குப் போகோணும்னா, தீர்ப்புத் தொகையில முக்கால் பங்கை மொதல்ல கட்டிட்டுத்தான் உள்ளயே போக முடியும். இந்த ஒரு வரியைப் படிச்ச ஆடிட்டரு, தன்ற முதலாளிகிட்ட "குடுத்துருங்க, தொலையட்டும்"னுதான் சொல்லுவாரு.

இன்னொரு சூட்சுமம் இருக்குது. மன்றத்துக்குப் போகாமயே வேலை நடக்கும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டுல இருந்து, குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டியதை அந்தக் கெடுவுக்குள்ள தராம மார்ச் 31ஐத் தாண்டி இழுத்தவன், அந்தத் தொகையை அந்த வருசச் செலவாக் கணக்குல காட்ட முடியாது. எந்த வருசம் குடுக்கறானோ அந்த வருசந்தான் காட்டலாம். அதுவரைக்கும் உனக்குத் தராத காசுக்கும் சேத்து அவன் வரி கட்டோணும். அதனால நீ சண்டைக்குப் போக வேண்டாம், சாபம் உட வேண்டாம். பில்லுக்கு அடியில உத்யம் எண்ணைப் போடு. "2006ஆம் வருசச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி கெடு"ன்னு ஒரு வரி எழுது. பிப்ரவரி கடைசியில, "ஐயா வணக்கம், வருசக் கணக்கு முடிக்கறீங்களே, என்ற பில்லு ஞாபகப்படுத்தலாம்னு"ன்னு ரொம்பப் பணிவா ஒரு மெயில் போடு. மெர்ச்சண்டைசருக்கு மட்டும் போடாதே, அந்தப் பையனே சம்பளம் வருமான்னு பாத்துக்கிட்டு இருக்கறான். கணக்குப் புள்ளைக்கும் ஒரு காப்பி தாட்டி உடு. மீதியை அவங்க ஆடிட்டரு பாத்துக்குவாரு.

"அப்படிக் கேட்டா அடுத்த வேலை தர மாட்டாங்களே, அப்புச்சி?"

இப்பத் தந்துக்கிட்டா இருக்கறாங்க? காசு தராத வேலையைத்தானே கண்ணு நிறுத்துவான். அதை நிறுத்துனா உனக்கு மிச்சம்.

ஆனா ஒண்ணு. நெசமாலுமே ஷிப்மென்ட் நின்னு போய், சனிக்கெழமை சம்பளத்துக்கே அல்லாடறவரு ஒருத்தரு இருப்பாரு. பத்து வருசமா ஒழுங்காக் குடுத்தவரு. அவருகிட்டச் சட்டப் பிரிவு பேசாதே. நேர்ல போய் ஒக்காந்து, மூணு தவணையோ நாலு தவணையோ பேசி, தேதி போட்டு எழுதி வாங்கிட்டு வா. ஊரு நிமிந்த பொறவு மொத வேலை உனக்குத்தான் வரும். புதுக் கார்ல வந்து "மார்க்கெட் டல்லு தம்பி"ங்கறவருக்குத்தான் 15ஆம் பிரிவு. ரெண்டு பேத்தையும் பிரிச்சுப் பாக்கத் தெரியோணும். அதுக்கு ஆப் கெடையாது.

உன்ற கூட்டாளிகிட்ட ஒண்ணு சொல்லு. அவன் வேலை செஞ்சு தர்ற கம்பெனி பெருசு. அதுபோல பெருங்கம்பெனிங்க டிரெட்ஸ்னு ஒரு மேடையில சேந்திருந்தா, அவங்க ஒத்துக்கிட்ட பில்லை அதுல ஏத்தி, வட்டி கொஞ்சம் கழிச்சுக்கிட்டுப் பேங்குக்காரன்கிட்ட முன்னாடியே காசு வாங்கிக்கலாம். ரிசர்வ் வங்கி அனுமதி குடுத்து நடக்கற மேடைதான். கம்பெனி சேந்திருக்குதான்னு கேக்கறதுக்கு ஒரு போன் போதும். அவன்கிட்ட ரெண்டு போன் இருக்குது.

இன்னொரு பாக்கியும் இருக்குது உனக்கு. கம்பெனிக்காரங்க 10 சதம் டிடிஎஸ் புடிச்சுக்கிட்டுத்தான் கொடுத்தாங்கன்னு நீயே சொன்னே. உன்ற வருமானம் வரி கட்டற அளவுக்கு இல்லைன்னா, ரிட்டர்ன் தாக்கல் பண்ணுனா அது திரும்பி வரும். பண்ணுனியா? "ஆடிட்டரைப் பாக்கோணுங்க"ங்கறே. ரெண்டு வருசமாப் பாக்கோணுங்கறே. அரசாங்கம் உன்ற காசை வெச்சுக்கிட்டு, "வாங்கிக்கப்பா"ன்னு காத்திருக்குது. நீ அந்தப் பக்கம் போகாம, வட்டிக்கடையில நிக்கறே. பெருந்தன்மை கண்ணு உனக்கு. கெடு தாண்டிப் போனா கேக்கறதே கஷ்டம், இந்த வாரமே பாரு.

அடுத்தது செலவு. "வீட்டுல ஒக்காந்தா மூடு வரலை"ன்னு சொல்லி, ஏசி போட்ட காப்பிக் கடையில போய் ஒக்காந்து, ஒரு காப்பிக்கு 250 ரூபா குடுத்து, அவன் இலவச வைஃபைல வேலை பாக்கறே. இலவசம் எங்கயிருக்குது, 250 எங்கயிருக்குதுன்னு எனக்கு இன்னமும் புரியலை. நகராட்சிங்கள்ல அறிவுசார் மையம்னு கட்டி உட்டிருக்கறாங்க. மேசை இருக்குது, புஸ்தகம் இருக்குது, அக்கடான்னு ஒக்காந்து வேலை பாக்கலாம். போட்டித் தேர்வுக்குப் படிக்கற புள்ளைங்க நெறைய வரும். அதுங்களைப் பாத்தாவது உனக்கு நெட்டுல படம் பாக்கறது கொறையும். மதுரைப் பக்கம் போனா 2023 சூலையில தொறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்குது. சென்னையில கொளத்தூர்ல முதல்வர் படைப்பகம்னு, உன்னையாட்டத் தனியாளுங்க ஒக்காந்து வேலை பாக்கறதுக்குன்னே 2024 நவம்பர்ல தொறந்தாங்க. பசிச்சா அம்மா உணவகம். 2013ல ஆரம்பிச்சப்ப இட்லி 1 ரூபா, சாம்பார் சாதம் 5 ரூபா, தயிர் சாதம் 3 ரூபா. கௌரவம் பாக்காதே. உன்ற கௌரவத்தைப் பாத்து இதுவரைக்கும் எவன் பில்லு பாஸ் பண்ணுனான்?

இப்ப வேலை தேடற சங்கதி. நீ அமெரிக்காக்காரனுக்கு ஏங்கறே. கொஞ்சம் பஸ் ஏறிப் பாரு. ஊத்துக்குளி வெண்ணெய்க்கு ஊரெல்லாம் பேரு. அந்த டப்பாவுல ஒட்டியிருக்கற பேப்பரைப் பாத்திருக்கறியா? மாடு பாத்தாக் கோவிச்சுக்கும். காங்கயத்துல அரிசி ஆலையும் தேங்காயெண்ணெய் ஆலையும் வரிசையா நிக்குது. அனுப்பர்பாளையத்துல பாத்திரம் அடிக்கறாங்க. பல்லடத்துல கோழிப்பண்ணை. இத்தனை பேத்துல யாருக்கு அமெரிக்க வரி? இவங்களுக்கெல்லாம் பை வேணும், லேபிள் வேணும், செல்போன்ல பாக்கறதுக்கு வெலைப்பட்டியல் வேணும். "சின்ன வேலைங்க அப்புச்சி"ங்கறே. பெரிய வேலை ஒண்ணு இப்பக் கையில இருந்தா அதைப் பாரு, நானு குறுக்க வரலை.

உன்ற கூட்டாளிக்குக் காதர்பேட்டை இருக்குது. நாடெல்லாத்துல இருந்தும் சில்லறை ஏவாரி வந்து மூட்டை கட்டற எடம். அங்க பையர் கோட்டுப் போட்டுக்கிட்டு வர மாட்டான், லுங்கியில வருவான். ஆனா காசு கையில குடுப்பான். ஸ்கூல் யூனிபார்ம், டிராக் பேண்ட்டு, நைட்டின்னு தைக்கறதுக்கு அவன் எட்டு மெஷினும் போதும். அரசாங்கம் வாங்கற பொருளுக்கு 2016ல இருந்து ஜெம்னு ஒரு இணையச் சந்தை நடக்குது. மத்திய அரசுத் துறைங்க தாங்க வாங்கறதுல 25 சதம் குறு, சிறு நிறுவனங்ககிட்ட வாங்கோணும்னு விதி. டெண்டருக்கு முன்பணம் கட்டறதுல இருந்து உத்யம் பதிவுக்காரனுக்கு வெலக்கு உண்டு. பாத்தியா, மறுபடியும் அந்தக் காயிதத்துகிட்டத்தான் வந்து நிக்கறோம்.

சங்கம்னு சொன்னா உனக்குக் கொட்டாவி வருது. இந்த ஊர்ல தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர் சங்கம் 1956ல இருந்து இருக்குது. ஏற்றுமதியாளர் சங்கம் 1990ல வந்துச்சு. தையல், பிரிண்டிங், காஜா பட்டன், எம்பிராய்டரின்னு அவங்கவங்க தொழிலுக்குத் தனித்தனியாச் சங்கம் வெச்சுப் பீஸ் ரேட் பேசறாங்க. டிசைன் பண்றவனுங்க மட்டும் ஆளுக்கொரு ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு, அடுத்தவன் 500 கேட்டா நானு 400ன்னு மெசேஜ் போடறீங்க. கம்பெனிக்காரன் மூணு பேத்துகிட்டயும் கேட்டு, 300க்கு முடிக்கறான். பத்துப் பேரு ஒரு ஞாயித்துக்கெழமை ஒக்காந்து, இந்த வேலைக்கு இதுக்குக் கீழ போறதில்லை, இந்த ஆளு காசு தர மாட்டான்னு பேசிக்கிட்டாப் போதும். அதுவும் சங்கந்தான். கொடி, தலைவரு, பொன்னாடை எதுவும் வேண்டாம்.

இதெல்லாம் முடிச்சதுக்கப்பறம், கடைசியா, கடன்.

மொதல்ல எதுக்குக் கடன்னு சொல்லு. கையில ஆர்டர் இருக்குது, நூல் வாங்கக் காசில்லைன்னா அது கடன். ஆர்டரே இல்லாம வாடகை கட்டறதுக்கு வாங்கறது, அடுத்த மாசக் கஷ்டத்தை இந்த மாசமே வட்டி போட்டு வாங்கறது. தெரிஞ்சுக்கிட்டுக் கெளம்பு.

போக வேண்டிய எடம் மாவட்டத் தொழில் மையம். 1978ல இருந்து மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்குது. நீ அந்தப் போர்டைத் தாண்டி எத்தனையோ தடவை படத்துக்குப் போயிருப்பே. அங்க வேலையில்லாத இளைஞருக்கான திட்டம், 25 சதம் மானியம். படிச்ச மொதத் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ், 2012ல வந்தது. 10 லட்சத்துல இருந்து 5 கோடி வரைக்கும் திட்டம் போடலாம், அதுலயும் 25 சதம். பட்டியல், பழங்குடி மக்களுக்கு 2023ல அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், 35 சதம். கைவினைக்காரங்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம், 3 லட்சம் வரைக்கும் கடன், அதுல 25 சதம், 50,000 வரைக்கும் மானியம். மத்திய அரசோட பிஎம்இஜிபி, எடத்துக்கும் ஆளுக்கும் தக்கபடி 15ல இருந்து 35 சதம். இது புதுசாத் தொடங்கறவனுக்கு. ஏற்கெனவே எட்டு மெஷின் ஓட்டறவன் போய் "புதுசுங்க"ன்னு சொன்னா, மெஷின்ல இருக்கற எண்ணெய்க் கறையே சாட்சி சொல்லிரும்.

மானியம்னா அன்னிக்கே கையில எண்ணிக் குடுப்பாங்கன்னு நெனைக்காதே. பிஎம்இஜிபியில அது பேங்குல உன்ற பேருல மூணு வருசம் ஒக்காந்திருக்கும். ஒழுங்கா நடத்துனா கடன்ல கழியும். மூணாம் மாசமே மெஷினை வித்துட்டு புல்லட் வாங்குறவனுக்காகத்தான் அப்படி வெச்சிருக்கறாங்க. நடுவுல ஒருத்தன் வந்து, "மானியம் நானு வாங்கித் தர்றேன், எனக்குப் பத்து சதம்"பான். அவனைத் தொழில் மையத்துக்கே கூட்டிட்டுப் போ. பாதி வழியில எறங்கிருவான்.

பேங்க் மேனேஜரு "சொத்து பத்திரம் இருக்குதா?"ம்பாரு. குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரைக்குமாவது ஜாமீன் சொத்து கேக்கக் கூடாதுங்கறது ரிசர்வ் வங்கி விதி. 2015ல வந்த முத்ராவும் ஜாமீன் இல்லாததுதான், சிசுங்கற பிரிவுல 50,000 வரைக்கும். அதுக்கு மேல வேணும்னா 2000ல தொடங்குன கடன் உத்தரவாத நிதி இருக்குது. விதி இருக்குதுன்னு மேனேஜருகிட்டக் கையை நீட்டிப் பேசாதே. "இந்தாங்க, ஒரு வருசத்துப் பேங்க் ஸ்டேட்மென்ட், இந்தாங்க உத்யம், இந்தாங்க வரிக்கணக்கு"ன்னு வரிசையா வை. அதுக்கப்பறம் விதி தானா ஞாபகத்துக்கு வரும் அவருக்கு. வரலைன்னா தொழில் கூட்டுறவு வங்கியான தாய்கோ இருக்குது, 1949ல இருந்து தொழில் முதலீட்டுக் கழகம் இருக்குது. அவசரத்துக்குக் கூட்டுறவுச் சொசைட்டியில நகைக்கடன். உன்ற அம்முச்சி சங்கிலி பொட்டியிலதான் இருக்குது. கேட்டாக் குடுக்கறேன். ஆனா ரசீதுல மீட்கற தேதியை நானு படிப்பேன், கண்ணாடி போட்டுக்கிட்டு.

போன்ல "அஞ்சு நிமிசத்துல கடன்"னு வருதே, அதைத் தொடாதே. அஞ்சு நிமிசத்துல குடுக்கறவன் உன்ற போன்ல இருக்கற ஒறம்பரை அத்தனை பேரு நம்பரையும் எடுத்துக்குவான். அப்பறம் உன்ற மாமனாரு ஆகப்போறவருக்குப் போன் பண்ணிப் பேசுவான், பொண்ணு பாக்கற செலவு மிச்சம். எந்தக் கடன் ஆப் யாரைச் சேந்ததுன்னு 2025 சூலையில இருந்து ரிசர்வ் வங்கி இணையதளத்துலயே பட்டியல் இருக்குது. மாட்டிக்கிட்டா 1930க்கு உடனே போன் போடு. கந்துவட்டிக்காரனுக்கு 2003லயே தமிழ்நாட்டுல தடைச் சட்டம் இருக்குது. அவன் மீசையைப் பாத்துச் சட்டத்தை மறந்துராதே.

இன்னும் ரெண்டு சங்கதி, சுருக்காச் சொல்லிர்றேன். ஆர்டர் இல்லாத நேரம் பாத்துத்தான் ஒடம்புக்கு வரும். வருசத்துக்கு 1,20,000க்குள்ள வருமானம் இருக்கற குடும்பத்துக்கு முதலமைச்சரோட காப்பீட்டுத் திட்டம் 5 லட்சம் வரைக்கும் இருக்குது. அட்டை இருக்குதான்னு இப்பவே பாத்து வை, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு தேடாதே. உன்ற கூட்டாளிகிட்டத் தைக்கறவங்களுக்குத் தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்குது. ராத்திரியில சோத்துப் பொட்டலம் கொண்டுபோய்க் குடுக்கற பசங்களுக்கு 2023ல தனி நல வாரியம் வந்துச்சு. பதிஞ்சிருந்தாத்தான் வாரியம். உன்ற அம்மா சுயஉதவிக் குழுவுல இருக்கறா. குழுப் பொம்பளைங்க தொழில் தொடங்க ஆலோசனை சொல்லறதுக்குச் சில வட்டாரங்கள்ல மதி சிறகுகள் தொழில் மையம் இருக்குது. உனக்கு முந்தி அவ தொழிலதிபர் ஆயிருவா. அப்ப நீ அவளுக்கு லேபிள் வரைஞ்சு குடு. ஆனா அவ காசு விசயத்துல 45 நாளெல்லாம் எடுத்துக்க மாட்டா, ரேட்டைத்தான் கொறைப்பா.

என்ன, எந்திரிக்கறே? திங்கக்கெழமைக்குச் சொல்றேன், கேட்டுட்டுப் போ. காலையில உத்யம். மத்தியானத்துக்குள்ள வரவேண்டிய பாக்கி அத்தனையும் தேதி போட்டு ஒரு நோட்டுல. சாயந்தரம் பணிவா ரெண்டு மெயில். செவ்வாக்கெழமை ஊத்துக்குளி. புதன்கெழமை டிடிஎஸ். இத்தனையும் பண்ணி, அதுக்கு மேலயும் காசு வேணும்னா வியாழக்கெழமை தொழில் மையம். இந்த வரிசையை மாத்தி மொத நாளே கடனுக்குப் போனவன் எவனும் நிமிந்ததை நானு பாக்கலை.

கதவு அத்தனையும் பஸ் போற தூரத்துலதான் இருக்குது கண்ணு. அரசாங்கம் பாதி தரும், ஊரு பாதி தரும். காலையில எட்டு மணிக்கு முந்தி எந்திரிக்கறதுக்கு மட்டும் எந்தத் திட்டத்துலயும் மானியம் கெடையாது.